காய்ச்சலுக்குப் பேர் தெரியுமுன் வந்தவர்களுக்கு

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கு,

காய்ச்சலில் கிடந்த மகள் நேற்று பாடசாலைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் இதை எழுதக் கை வந்தது.

ஹட்டன் குளிரில் நுளம்பாவது, டெங்குவாவது என்று பேசித் திரிந்தவள் நான். 2017இல் நாடு முழுக்க ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு என்றபோதும், அது கொழும்புக்காரர் நோய் என்றே நினைத்தேன். அதனால் முதல் நாள் அவளுக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணீர்தான். மறுநாள் உடம்புவலி. டவுனில் ஒரு பாமசியில் டாக்டர் துண்டு கேட்காமலே வலி மாத்திரை கொடுத்தார்கள். அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் மிட்வைப் மிஸ். டெங்குவாக இருந்தால் இரத்தம் கசிய வைத்துவிடும், பெரசிட்டமோல் மட்டும் போதும் என்றார். மிஸ், அன்றைக்கு உங்கள்மேல் எனக்குக் கோபம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

டெங்குவா, சிக்குன்குன்யாவா, எலிக்காய்ச்சலா என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதல் சோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. எனக்குச் சந்தோஷம், தோட்டத்து டாக்டர் ஐயாவுக்கு இல்லை. அந்தச் சோதனை சிலவேளை தவறவிடும் என்று தினமும் இரத்தம் பார்க்க வைத்தார். "காய்ச்சல் விடுகிற நாளில்தான் கவனம்" என்றும் சொன்னார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, இரத்தத்தில் பிளேட்லட் அணுக்கள் இறங்கின. அன்றே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். டெங்குதான் என்று வார்டில்தான் உறுதியானது.

சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாவோ அதற்கு முன்பே எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்துவிட்டார். புகை அடிக்கச் சொல்லி எல்லாரும் சத்தம் போட்டிருக்கிறார்கள். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், தண்ணீரில் கிடப்பதை என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு, டோர்ச் அடித்து ஒவ்வொரு வீட்டு வாசல் இஸ்தோப்பாகப் பார்த்தாராம். எங்கள் ரோஜாத் தொட்டிக்கு அடியில் ஒரு ஐஸ்கிறீம் டப்பா மூடி. அதில் பத்துப் பதினைந்து நுளம்புப் புழு, தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டு. என் கையால் வைத்த மூடி அது.

தண்ணீர்ப் பீப்பாயைக் கவிழ்த்தால் போதாது, ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும் என்று தேங்காய்த் தும்பால் தேய்த்தும் காட்டியிருக்கிறார். மூன்று நாளைக்கு ஒருதடவை வருகிற பீலித் தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? கொட்டினீர்களே, பக்கத்துக் காம்பராக்காரர்களே! நோய் என்னவென்றே தெரியாமல், எங்கள் பிள்ளைக்காக.

வேனுக்குக் காசு வாங்காத தம்பிக்கும், ஐந்து நாளும் சின்னவனுக்குச் சோறு போட்ட பெரியம்மாவுக்கும் என்ன சொல்வது. நன்றி.

பீப்பாய் மூட வாங்கிய வலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மேல் லயத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் வேலை விட்டு வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.