நரம்பிசை ஆறுதல் தரும், மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலி அதிர்வால் நீரிழிவு தொடக்கம் புற்றுநோய் வரை குணமாகும் என்ற விளம்பரங்கள் இப்போது யாழ்ப்பாணத்திலும் கைத்தொலைபேசிகளில் வந்து குவிகின்றன. 528 ஹேர்ட்ஸ் ஒலி மரபணுவைச் சீராக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. இதை நம்பிக் கிளினிக்குக்குப் போகாமல் விடுவதும் குளிசையை நிறுத்துவதும் உயிருக்கே ஆபத்து.

அதற்காக இசையையே ஒதுக்கிவிடவும் கூடாது. சத்திரசிகிச்சைக்கு முன்னரான பதற்றத்தை இசை ஓரளவு தணிக்கிறது என்று பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட்டு 2013இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. இந்த அளவான பயனுக்காகத்தான் பல நாடுகளில் ஹார்ப் என்ற மேலைநாட்டு நரம்பிசைக் கருவியை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோகிறார்கள். அதையே இங்கு செய்ய விரும்புவோருக்காகச் சில விபரங்கள்.

47 நரம்பும் ஏழு மிதிகளும் கொண்ட பெரிய ஹார்ப் அரங்குக்கு உரியது. வைத்தியசாலை விடுதிக்கு 22 முதல் 36 நரம்புள்ள சிறியதே ஏற்றது. எங்கள் கடற்காற்றில் உலோகக் கம்பி துருப்பிடிக்கும், குடல் நரம்பு ஈரத்தில் நைந்து அறும். ஆகவே நைலோன் நரம்பையே கேட்டு வாங்குங்கள். புது நைலோன் இழுபட்டுக்கொண்டே இருக்கும்; முதல் சில வாரங்கள் தினமும் சுருதி கூட்ட வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து விறாந்தைக்குக் கொண்டுவந்தவுடன் சுருதி விலகும். கால் மணித்தியாலம் பொறுத்துக் கூட்டிய பிறகே நோயாளியிடம் போங்கள்.

பலர் பிழைவிடுவது இனித்தான். ஹார்ப்பில் மீட்டிய நரம்பு தானாக ஒலித்துக்கொண்டே இருக்கும். அரைச்சுர இடைவெளியில் உள்ள இரண்டு நரம்புகள் சேர்ந்து ஒலித்தால் காதில் உரசும், படுத்திருப்பவரின் முகம் சுளிக்கும். மோகன ராகத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லாததால் அரைச்சுரமே வராது. எந்த இரண்டு நரம்பு சேர்ந்தாலும் உறுத்தாது. மேலைநாட்டு முறையில் ‘சி’ நரம்பு சிவப்பு, ‘எஃப்’ நரம்பு கறுப்பு அல்லது நீலம். சிவப்பை ஸட்ஜமாக வைத்து, கறுப்பையும், சிவப்புக்கு ஒரு படி கீழே உள்ள நரம்பையும் தொடாமல் விட்டால் மோகனம் கிடைத்துவிடும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

பெருவிரலும் அடுத்த மூன்று விரல்களும் போதும், சின்னவிரல் வேண்டாம். நகம் படாமல் விரல் நுனியின் சதையால் மீட்டுங்கள். முதலில் நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு சிறு சுரக்கோவை; அவருடைய வேகத்திலேயே தொடங்கி மெல்ல மெல்ல வேகத்தைக் குறையுங்கள். தொடக்கத்திலேயே மெதுவாக வாசித்தால் பதறுகிற மூச்சு அதோடு இணையாது. ஒலி சாதாரண பேச்சுக்குக் கீழே, 50 டெசிபல் அளவில் இருக்கட்டும். இருபது நிமிடம் தாராளம். கடைசி நரம்பைக் கையால் அமத்தாமல் தானாக அடங்க விடுங்கள்.

தெரிந்த பாட்டு வேண்டாம். செத்தவீட்டில் படிக்கும் திருப்பொற்சுண்ணத்தின் சாயல் காதில் பட்டாலே இங்கு ஒரு நோயாளி என்ன நினைப்பார்? போரைக் கண்டவர்கள் நிறைந்த மண் இது. சடுதியான தாழ்ந்த முழக்கம் சிலரை உலுக்கிவிடும்.

அதிர்வை உடலால் உணர விரும்புபவர் ஹார்ப்பின் ஒலிப்பலகையில் உள்ளங்கையை வைத்தாலே போதும். 1980களில் நோர்வேயின் ஒலாவ் ஸ்கில்லே வளர்த்தெடுத்த அதிர்வுக் கட்டில் முறையில் 30 முதல் 120 ஹேர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலி ஒலிபெருக்கிகளால் உடலுக்குள் செலுத்தப்படும். அது வேறு விடயம். இதயமுடுக்கி பொருத்தியவர், காலில் இரத்தக்கட்டி உள்ளவர், கர்ப்பிணிகள், தையல் ஆறாதவர், வலிப்பு உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் அதில் படுக்கக் கூடாது. உடலில் வைத்துத் தட்டும் உலோகக் கிண்ணங்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஹார்ப் கிடைக்காவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. எங்கள் வீணையும் தம்புராவும் இதே வேலைக்கு உதவும். சுரத்தை அசைக்கும் கமகத்தையும் வீணையின் தாளத்தந்தியையும் மட்டும் குறையுங்கள். மருதனார்மடத்தில் இசை பயிலும் மாணவர்களுக்குத் தாதியரின் மேற்பார்வையில் வாரத்தில் ஒரு பிற்பகலையாவது விடுதிகளில் ஒதுக்கித்தருமாறு வைத்தியசாலை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நோயாளி வேண்டாம் என்று கை காட்டினால் அந்தக் கணமே நிறுத்தப் பழக்கித்தான் அவர்களை அனுப்ப வேண்டும்.

இசை ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.