மோஸ்போட் போகும் முன்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
தை மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கிடைத்தது. அறுபது வயதில் இரண்டே இருக்கை உள்ள மஸ்டா மியாட்டா கார் ஒன்றை வாங்கியிருக்கிறாய் என்று வாசித்ததும், குசினிக்குள் போய் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "பள்ளிக்கூடக் காலத்து ஆசை, இப்பவாவது கைகூடிச்சுதே" என்றாள். ஆஸ்பத்திரி வீதியில் யாரோ ஒருவருடைய திறந்த எம்ஜி கார் நின்றபோது, ரியூசனுக்குப் போகாமல் அரை மணித்தியாலம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாயே, அந்தப் பெடியன் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறான்.

இங்கே எல்லோரும் சுகம். பொங்கலன்று பின்னேரம் பேரப்பிள்ளைகளோடு வல்வெட்டித்துறைக்குப் பட்டத் திருவிழா பார்க்கப் போனோம். நல்ல காற்று. கறாஜைச் சின்னவன் பார்க்கிறான். நான் காலையில் இரண்டு மணித்தியாலம் போய் இருப்பேன். அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் இன்னும் கொட்டிலுக்குள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ராட் பண்ணி ஒழுங்கை முனை மட்டும் கொண்டுபோய் வருவேன்.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். மே மாதம் உங்கள் கனடாவின் மோஸ்போட் பந்தயத் திடலில் ட்ராக் டே ஒன்றுக்கு, அதாவது சொந்தக் காரைத் திடலில் ஓட விடுகிற நாளுக்கு, பெயர் கொடுத்திருக்கிறாய். போன வருடம் லண்டனில் அக்காவின் மகன் என்னை அப்படி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டுபோன கதையை ஒன்றும் விடாமல் எழுது என்றாய். எழுதுகிறேன், ஆனால் பாதிக்கு மேல் பிறேக்கைப் பற்றித்தான் இருக்கும். பொறுமையாக வாசி.

மருமகனிடம் இருப்பதும் உன்னுடையது போன்றதுதான், அங்கே எம்எக்ஸ்-5 என்கிறார்கள். 1989இல் வெளிவந்த முதல் வடிவம், 1.6 லீற்றர் எஞ்சின், மேலெழும்பும் முன்விளக்கு. ஏறத்தாழ ஒரு தொன்தான் நிறை. திங்கள் முதல் வெள்ளி வரை அதில்தான் வேலைக்குப் போகிறான். அதே காரை ஒரு சனிக்கிழமை விடியப்புறம் கழுவி, உள்ளே கிடந்த குடை, தண்ணீர்ப் போத்தல், பாய் எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் திடலுக்கு ஓடினோம். கென்ற் பக்கம், லண்டனிலிருந்து கிட்டத்தான். 1964 தொடக்கம் 1986 வரை ஒன்றுவிட்டொரு வருடம் பிரித்தானியக் கிராண்ட் பிரி நடந்த இடம் அது. நாங்கள் ஓடினது அதன் சின்னச் சுற்று, 2 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.

அங்கே போட்டி என்ற பேச்சே இல்லை. மணிக்கூடு வைத்துச் சுற்று நேரம் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். போனவுடன் அனுமதிப்பத்திரத்தைக் காட்ட வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் இருந்த என்னுடையதை மேசையில் இருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு கையில் பட்டி கட்டிவிட்டாள். பிறகு சத்தப் பரிசோதனை. புகைக்குழாய்க்கு அரை மீற்றர் தள்ளிக் கருவியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உச்சச் சுழற்சி வேகத்தின் முக்கால் பங்குக்கு ஏற்றச் சொல்வார்கள். சுற்றிவரக் குடிமனை, அவர்களுக்கு மரியாதை கொடுக்கத்தானே வேண்டும். அப்புறம் ஒரு விளக்கக் கூட்டம். மஞ்சள் கொடி என்றால் முந்தாதே, மெதுவாகப் போ. சிவப்பு என்றால் எல்லோரும் மெல்லமாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் ஒருவர் வேகமாக வருகிறார், இடம் கொடு. முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் முந்தலாம். முதல் சில சுற்றுக்கு அவர்களுடைய கார் முன்னே போக, வாத்துக் குஞ்சு மாதிரி எல்லோரும் பின்னால் போனோம்.

காசு கொடுத்து ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். அதை நீயும் கட்டாயம் செய். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். அவர் வேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "எங்கே பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் பானெற்றுக்கு முன்னால் இருபது அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்முடைய றோட்டில் அப்படித்தானே கண் பழகியிருக்கிறது, எந்தச் சந்தில் மாடு வரும், எந்தப் படலையால் சைக்கிள் வரும் என்று. அங்கே வளைவுக்குள் நுழைய முன்பே வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற பக்கம் கை தானாகத் திரும்புகிறது. இதைப் பிடிக்க எனக்குப் பத்துச் சுற்று எடுத்தது.

இனி பாடொக் ஹில் என்ற அந்த வளைவு. நேர் றோட்டில் வந்து வலப்பக்கம் திரும்புகிறாய். திரும்புகிற இடத்தில் நிலம் காலுக்குக் கீழே இருந்து வழுகிப் போகிறது, துலாவில் இறங்கினது மாதிரி வயிறு மேலே வருகிறது. முடிகிற இடம் மேலிருந்து வடிவாகத் தெரியாது. ஆகையால் பிறேக்கை எல்லாம் நேராக நிற்கும்போதே முடித்து, கியரைக் குறைத்து, காலை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு திருப்ப வேண்டும். பிறேக் பிடிக்கும்போது நிறை முன் சில்லுக்கு வருகிறது, முன் ரயர் றோட்டைக் கவ்வுகிறது. சட்டென்று காலை எடுத்தாயானால் அந்தக் கவ்வல் போய்விடும், மூக்கு வெளியே ஓடும். பாதி வளைவில் பயந்து அக்சிலறேற்றரை விட்டாயானால் பின்பக்கம் இலேசாகிச் சுழன்று வரும். இவ்வளவும் ஒரு இருக்கைக்குள் இருந்து இடுப்பாலும் உள்ளங்காலாலும் தெரிகிறது. மஸ்டாக்காரர் இதற்கு யப்பானில் 'ஜின்பா இத்தாய்' என்று சொல்கிறார்கள், குதிரையும் ஆளும் ஒன்றான நிலை.

பின்னேரம் நான் தனியே ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது சுற்று. மணிக்கு 140க்கு மேல் வந்து பாடொக் ஹில்லுக்குப் பிறேக்கை மிதித்தேன். மிதி கீழே போனது. கல்லில் மிதித்த மாதிரி நிற்க வேண்டியது, ஊறின பாணில் கால் வைத்த மாதிரிப் போய்க்கொண்டே இருந்தது. மச்சான், அந்த நேரம் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. கால் தானாக எழும்பி இரண்டாம் தரம் மிதித்தது, மூன்றாம் தரமும் மிதித்தது. மூன்றாவதில் பிடித்தது. கியரை இரண்டுக்குப் போட்டு, அகலமாகப் போய், வெளி ஓரத்துக் கல்லில் சில்லு தட்ட, கீழே இறங்கி நின்றேன். பிறகு கையைக் காட்டிக்கொண்டு ஊர்ந்து உள்ளே வந்தேன்.

அந்த இரண்டாம் மிதி எங்கே பழகினது என்று உனக்குத் தெரியும். ஏ40க்கு இரண்டு மிதி இல்லாமல் எந்த நாள் பிறேக் பிடித்தது? பிறேக் சப்பாத்து தேய்ந்து, மாற்றச் சாமான் இல்லாமல், முற்றவெளியில் நீயும் நானும் மாறி மாறி ஓடிப் பழகினபோது அப்பா பின்னால் இருந்து "ரெண்டு தரம் அமத்து, ரெண்டு தரம்" என்று கத்துவாரே. நாற்பது வருடத்துக்குப் பிறகு கென்ரில் அந்தக் குரல்தான் என் காலைத் தூக்கியது.

காரை ஆறவிட்டுப் பார்த்தபோது பிறேக் ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் ஒரு கறாஜில் மாற்றினதாகக் காசு வாங்கிப் பில்லும் கொடுத்திருக்கிறார்கள், மாற்றவில்லை. மருமகன் பில்லை நம்பிவிட்டான். எனக்கு வந்த கோபம் காசுக்கு வந்ததல்ல. நானும் முப்பத்தைந்து வருடம் இந்தத் தொழில் செய்தவன். பிறேக் ஒயில் மாற்றினேன் என்று ஒருவன் சொன்னால், அந்தக் காரில் ஏறுகிற அத்தனை பேருக்கும் சொன்ன வாக்கு அது.

ஏன் அப்படி ஆகிறதென்றால், அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புதிய டொட் 4 ரக பிறேக் ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்ததற்கு அந்த அளவு 155 வரை இறங்கலாம். 160 வேகத்தில் ஓடுகிற காரில் 80இல் உள்ளதைப் போல நாலு மடங்கு சக்தி இருக்கிறது, நிறுத்தும்போது அது அத்தனையும் டிஸ்கில் சூடாக இறங்குகிறது. றோட்டில் ஒரு தரம் அப்படி மிதித்தால் ஆற நேரமிருக்கும், சுற்றில் அடுத்த நிமிடமே திரும்பவும் மிதிக்க வேண்டும். ஒயில் கொதித்து ஆவிக் குமிழி வந்தால், மிதி அந்தக் குமிழியைத்தான் நசுக்கும்.

இதை யோசித்தபோது எனக்கு 90களின் மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வந்தது. பெற்றோல் இல்லாத காலத்தில், சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோலைக் காபிறேற்றருக்குள் ஊதி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோமே. சூடு குறைந்தால் அது ஆவியாகாது, நின்றுவிடும். ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் ஐந்து பேரையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு அடி அடியாக ஊர்ந்தபோது, எஞ்சின் ஆறிவிடக்கூடாதே என்று அப்பா கிளச்சில் பாதிக் காலை வைத்து விடியும்வரை அதை உயிரோடு வைத்திருந்தார். நீ சனத்துக்குள்ளே எங்களைத் தேடிக்கொண்டு நடந்து வந்தாய். எஞ்சினுக்குள் ஆவி வேண்டுமென்று பாடுபட்டோம். பிறேக்குக்குள் அது வரவே கூடாது.

ஆகவே ஏப்ரல் கடைசியில் ஒயிலை உன் கண்முன்னே மாற்றச் சொல். பழைய ஒயில் குழாயால் வெளியே வருகிற நிறத்தைப் பார், புதியதின் நிறம் வந்த பிறகுதான் மூட விடு. பிறேக் பாட் பாதிக்கு மேல் தேயாமல் இருக்க வேண்டும். சில்லு நட்டுகளைக் காலையிலும் மத்தியானமும் சாவி போட்டுப் பார். ரயர் சூடேறக் காற்றும் ஏறும், ஒவ்வொரு தரமும் உள்ளே வந்தவுடன் அளந்து குறைக்க வேண்டும், நாங்கள் நாலு இறாத்தல் குறைத்தோம். கடைசிச் சுற்றைப் பிறேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடிக் காரை ஆற விடு, நிறுத்தினதும் கைப்பிறேக்கை இழுக்காதே, கியரில் விடு. உன் சாதாரண இன்சூரன்ஸ் அந்தத் திடலுக்குள் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு, பெரும்பாலும் செல்லாது. மோஸ்போட் நாங்கள் ஓடினதை விட இரண்டு மடங்கு நீளம், ஏறத்தாழ 4 கிலோமீற்றர், பத்து வளைவு. இரண்டாவது வளைவும் பள்ளத்தில் இறங்குவதுதான், ஆனால் இடப்பக்கம். அங்கே கண்ணைத் தூரத்தில் வை.

இங்கே கல்லுண்டாய் வெளியில் பெடியள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். போன ஐப்பசியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருவன் போய்விட்டான், பத்தொன்பது வயது. அவனுடைய சைக்கிளுக்கு நான்தான் அதற்கு முந்தின கிழமை செயின் இறுக்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கு வேகத்தில் இருந்த ஆசை எனக்கும் உனக்கும் இருந்த அதே ஆசை. கொடி பிடிக்க ஆளும், அம்புலன்ஸும், எதிரே ஒருவரும் வராத றோட்டும் உள்ள ஒரு இடம் வடக்கில் இருந்திருந்தால் அவனை நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இதை உள்ளூரில் இரண்டு மூன்று பேரோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறேன். காணி கிடைப்பது கஷ்டம், இருந்தும் விடமாட்டேன்.

ஓடி முடித்த அன்றே எனக்கு எடு. நீ பின்னேரம் ஆறு மணிக்கு எடுத்தால் இங்கே விடியப்புறம் மூன்றரை. பரவாயில்லை, எடு. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி