கரண்ட் வைக்கும் அறையில் இருப்பவர்களுக்கு

வேலூர் வட்டாரத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தருகிற மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்துக்காரி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக் குணமானவள். பிழைக்க வைத்தவர்களிடம் எனக்கு நன்றி நிறைய உண்டு. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் வெள்ளைப்படுவதையும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுவதையும் மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, நோய் முற்றித்தான் வருகிறார்கள். வந்த பிறகும் அந்தக் கூச்சம் விடுவதில்லை. கதிர் எங்கே பட வேண்டும் என்று அடிவயிற்றில் மை போட்டுக் கோடு இழுக்கிறீர்கள். வாரத்துக்கு 5 நாள், ஐந்து வாரம் போல, தினமும் துணியை விலக்கிப் படுக்க வேண்டும். அப்புறம் உள்கதிர். இரண்டு காலையும் தூக்கி வைத்து, பிறப்புறுப்பு வழியாகக் கருவியைப் பொருத்துகிறீர்கள். அன்று வலியைவிடக் கதவு திறந்து மூடிய சத்தம்தான் என்னை வதைத்தது. வருவது யார், எதற்கு வருகிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. வலிக்கு மருந்து கேட்கலாம், இதை எப்படிக் கேட்பது?

என்னோடு வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, உள்கதிர் என்றால் என்னவென்று கேள்விப்பட்டதும் வருவதையே நிறுத்திவிட்டார். வெளிக்கதிரும் உள்கதிரும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்தால் பலன் குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கூச்சத்தை நீங்கள் கவனிக்காவிட்டால் சிகிச்சையே பாதியில் நிற்கிறது.

ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாதென்று வீட்டார் மறுத்ததால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண்ணான ஐடா ஸ்கடர் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் திறந்தார். இந்த மண்ணில் பெண்ணின் கூச்சத்தைச் சின்ன விஷயம் என்று யாரும் தள்ளக் கூடாது.

பெண்ணை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மை போட்ட கோடுகளைச் சரிபார்த்ததும் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்துங்கள், ஆழத்துக்குப் போகிற கதிரை அது தடுக்காது. கதிர் ஓடும்போது அறையில் எங்களைத் தவிர யாரும் இருப்பதில்லை, வெளியிலிருந்து கேமராவில் பார்க்கிறீர்கள். சரி, அது பாதுகாப்புக்குத்தான். ஆனால் பார்ப்பது யார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாணவர்கள் நிற்க வேண்டுமென்றால், நாங்கள் உடுத்தி உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள். ஆண்களுக்கும் இதே கூச்சம் உண்டு, அவர்கள் வாயே திறப்பதில்லை.

இன்னொன்று. சிகிச்சைக்குப் பிறகு பிறப்புறுப்பு உள்ளே சுருங்கிப் போகும் என்பதையும், அதற்கு டைலேட்டர் என்கிற, உள்ளே வைத்து விரிக்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் தனியறையில், ஒரு சிஸ்டர் மூலம், தெளிவான தமிழில் சொல்ல வையுங்கள். கணவர் முன்னால் சொல்லலாமா என்று எங்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். என் காதில் அது வழியிலேயே, நாலு பேர் நடக்கும் இடத்தில் விழுந்தது. பாதி புரியவில்லை, திருப்பிக் கேட்கவும் முடியவில்லை.

இதையெல்லாம் முதல் நாளே கையில் கொடுக்க ஒரு தாளில் அச்சடியுங்கள். தமிழில் எழுத ஆள் வேண்டுமென்றால் சிகிச்சை முடித்த நாங்கள் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம். உருதுவிலும் தெலுங்கிலும் எழுத எங்களுக்குள்ளேயே ஆள் இருக்கிறார்கள்.