கவினுக்கு நியூயார்க்கில் பள்ளி

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரருக்கு நியூயார்க் மாற்றல் உறுதியாகிவிட்டது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"டொனேஷன் எவ்வளவு, கவினுக்கு இன்டர்வியூ உண்டா?" என்று கேட்டிருக்கிறாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாதாரண அரசுப் பள்ளியில் இரண்டுமே கிடையாது. பணமும் சிபாரிசும் செய்கிற வேலையை இங்கே வீட்டு முகவரி செய்கிறது. பெரும்பாலான இடங்களில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு ஆரம்பப் பள்ளி உண்டு, அதைத்தான் 'ஸோன்' என்பார்கள். ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்றுகூட இருக்கும். அதனால் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன், அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று நகராட்சி உதவி எண்ணான 311க்கு போன் போட்டுக் கேட்டுவிடு. ஸோன் பள்ளி நிரம்பிவிட்டால் பக்கத்தில் இன்னொன்றுக்கு அனுப்பிவிடுவார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள். இணையத்தில் பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் எங்கே அதிகம் என்பதைத்தான் பெரும்பாலும் அது சொல்கிறது.

ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிண்டர்கார்டனுக்கென்றால் முந்தைய குளிர்காலத்திலேயே 'மைஸ்கூல்ஸ்' என்ற நகரப் பள்ளிச் சேர்க்கைத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கவினுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோடையில் வருவதால் பள்ளி அலுவலகம் மூடியிருக்கும், நீங்கள் நேரே ஃபேமிலி வெல்கம் சென்டர் என்கிற நகரப் பள்ளிச் சேர்க்கை அலுவலகத்துக்குப் போய்விடலாம். பிறந்த தேதிக்கு அவன் பாஸ்போர்ட் போதும். முகவரிக்கு இரண்டு சான்று கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தம், 60 நாளுக்குள் வந்த கரண்ட் பில் மாதிரி. முதல் மாதம் நாத்தனார் வீட்டில்தானே? அப்படியானால் நீங்கள் அங்கே தங்கியிருப்பதாக அவர் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு படிவம் இருக்கிறது. அவர் பெயரில் உள்ள ஒப்பந்தமும் வேண்டும். விசா விவரம் எதையும் பள்ளி கேட்காது. விசா மாதிரி குடியேற்றக் காகிதம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு இலவசப் பள்ளிப் படிப்பை மறுக்கக் கூடாது என்று 1982லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழுத்தடிப்பது தடுப்பூசிதான். கவினுக்கு எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில் போட்டதாகச் சொன்னாய். அங்கே போடுவது எம்.ஆர்., அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும். இங்கே பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டும், 2 தவணை. சின்னம்மை ஊசியும் 2 தவணை, அது நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது. ஆகவே இந்த மாதமே ஒரு தனியார் குழந்தை மருத்துவரிடம் போய் இரண்டிலும் முதல் தவணையைப் போட்டுவிடு, மீதியை இங்கே முடிக்கலாம். அட்டையில் ஊசியின் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில், படிக்கிற மாதிரி இருக்கட்டும். எங்கள் மூத்தவளின் அட்டையில் டாக்டர் கிறுக்கியிருந்ததைப் பார்த்து இங்கே சேர்க்கை அலுவலர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இது 1ஆ, 7ஆ?" என்று கேட்டார்.

இன்னொன்று, உனக்குக் கோபம் வரப்போகிற விஷயம். ஊரில் கவின் ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டான், சரி. இங்கே எந்த வருடம் பிறந்தான் என்றுதான் பார்ப்பார்கள். இந்த வருடம் 6 வயது முடிகிறவன் செப்டம்பரில் ஒன்றாம் வகுப்புதான். சண்டை போடாதே. புது ஊர், புது உச்சரிப்பு, பனி, இத்தனைக்கும் நடுவில் பாடமாவது தெரிந்த பாடமாக இருக்கட்டுமே.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் தருவார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிற நம்மவர்கள் உண்டு. நீ தமிழ் என்றே எழுது. தேர்வில் குறைந்தால் தனியாக ஆங்கிலம் சொல்லித்தருவார்கள், அதுவும் இலவசம். யார் வேண்டாம் என்பார்கள்?

காலை, மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். வெள்ளிக்கிழமை சைவம்தான் என்றாலும் கவின் சாப்பிடுவானா என்பது வேறு கதை. தீபாவளிக்கும் 2024லிருந்து விடுமுறை. எங்கள் பள்ளி 2.40க்கே விட்டுவிடுகிறது, அதனால் நீ வேலை தேடும்போது அதற்கப்புறம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்துக்கொள்.

தடுப்பூசி அட்டையையும் பழைய மார்க் ஷீட்டையும் பெட்டியில் போடாதே, கைப்பையில் வைத்துக்கொள். டிக்கெட் போட்டதும் தேதி சொல், நான் லீவு கேட்க வேண்டும்.

அன்புடன்,
மாலதி