ரேடியோ ஹைட்டி நிகழ்ச்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

ரேடியோ ஹைட்டி என்ற ஹைட்டி நாட்டு வானொலி நிலையத்தைப் பற்றிய எங்கள் இரண்டு பாக நிகழ்ச்சி போன சனிக்கிழமையோடு முடிந்தது. குரல் என்னுடையது என்பதால் பாராட்டெல்லாம் என் வாட்ஸ்அப்புக்கே வந்து சேருகிறது, ஆனால் அதில் முக்கால்வாசி வேறு ஆட்களுக்குப் போக வேண்டியது.

முதலில் என்னோடு இரவு வேலை செய்யும் ஹைட்டிக்கார அண்ணை. மொன்றியலுக்கு வந்த பிறகு பிரெஞ்சை ஒருமாதிரிக் கற்றுக்கொண்டேன், ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மட்டும் காதில் விழுந்தால் பாதிச் சொல் தெரிந்த மாதிரி இருக்கும், பொருள் பிடிபடாது. இடைவேளையில் ஹெட்ஃபோனின் ஒரு பக்கம் அவருக்கு, மறுபக்கம் எனக்கு. அந்த நிலையத்தை நடத்திய பத்திரிகையாளர் ஜான் டொமினிக் புகழுவது போலப் புகழ்ந்து குத்தும் இடங்களில் இவர் கோப்பி சிந்தச் சிந்தச் சிரிப்பார், இதை உனக்கு எப்படிச் சொல்ல என்று தலையைச் சொறிவார், அப்புறம் பத்து நிமிஷம் விளக்குவார், இடைவேளையும் முடிந்துவிடும். இவருடைய அம்மா ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் நெல் விதைத்தவர், பிரெஞ்சு தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் புரிகிற கிரியோலில் செய்தி சொன்னதுதான் அந்த நிலையம் செய்த பெரிய வேலை. டொமினிக்கின் சாம்பலை அதே ஆர்ட்டிபோனிட் ஆற்றில் கரைத்த கதைக்கு வந்தபோது அண்ணை ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பிழையைத் திருத்திய நேயர் அக்காவுக்கும் நன்றி. 1980 நவம்பர் 28இல் நிலையத்தை நொறுக்கிப் பத்திரிகையாளர்களைப் பிடித்துப்போனது ஹைட்டியை ஆண்ட சர்வாதிகாரி அப்பன் துவாலியே காலத்தில் என்று முதல் பாகத்தில் உளறிவிட்டேன். அப்பன் 1971இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், அது மகன் ஆட்சி.

டொமினிக்கின் மனைவி மிஷெல் மோந்தாஸ் இந்த மடலைக் காணப்போவதில்லை, பரவாயில்லை. 2000 ஏப்ரல் 3 காலையில் நிலையத்து முற்றத்தில் கணவரைச் சுட்டுக் கொன்றார்கள். சரியாக ஒரு மாதத்தில், மே 3 அன்று, அவர் நிலையத்தைத் திரும்பத் திறந்தார், அதன் பிறகு காலை நிகழ்ச்சியை “வணக்கம், ஜான்” என்றே ஆரம்பித்தார். 2002 நத்தார் அன்று அவரையே கொல்ல வந்தபோது செத்தது மெய்க்காவலர் மாக்சிம் செயித். அடுத்த பெப்ரவரியில் நிலையத்தை மூடினார்கள், இனி ஒருவரையும் பலிகொடுக்க முடியாது என்றுதான். டொமினிக்கோடு அதே முற்றத்தில் விழுந்த காவலாளி ஜான்-குளோட் லூயிசாந்த் பெயரை நிகழ்ச்சியில் ஒரே தடவைதான் சொன்னேன். அது போதாது, அதனால் இங்கே இன்னொரு தடவை.

பிறகு, முகம் தெரியாத நாடாக்காரர்கள். மோந்தாஸ் கொடுத்த 1,600க்கும் மேற்பட்ட சுருள் நாடாக்கள், 2,000க்கும் மேற்பட்ட கசற்றுகள், இவற்றை வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் வைத்துக் கேட்டு, எதில் யார் என்ன பேசுகிறார் என்று கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். காசு கேட்காமல் இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். ஒரு கசற்றைக் கேட்டுக் குறிப்பெழுதவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, அதனால் சொல்கிறேன்.

அண்ணைக்குத் தமிழ் தெரியாது. திங்கள் இரவு இதை அவருக்குப் பிரெஞ்சில் சொல்லிக் காட்ட வேண்டும், அவர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கட்டும். அவருடைய ஹெட்ஃபோனும் இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.