ஒன்பது கட்டங்களை நிரப்ப உதவியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஆறு வார வாசிப்புச் சவால், நூலகர் நாளான ஆகஸ்ட் 12 அன்று நிறைவடைந்தது. அது நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தநாள். நூலகங்களுக்காக அவர் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. பள்ளி அலமாரியில் இருந்ததோ பெரும்பாலும் நீதிக்கதைகள். மீதியெல்லாம் நீங்கள் கொடுத்தவை.

புத்தகங்களின் எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் 16 பக்கப் புத்தகங்களாகப் பார்த்து அள்ளுவார்கள். பக்கக் கணக்கு வைத்தால் பாட்டும் படக்கதையும் அலமாரியிலேயே தூங்கும். அதனால் வகையைக் கணக்கில் கொண்டோம்: ஓர் அட்டை, ஒன்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு வகை. 20 பக்கம் படித்தும் பிடிக்கவில்லையா, காரணம் கேட்காமல் மாற்றித் தருவோம். சுருக்கம் எழுதச் சொல்லவில்லை. சொன்னால் பின்னட்டை வரிகள்தான் திரும்பி வரும். "இதில் உனக்கு நம்பமுடியாமல் இருந்தது எது?" என்ற ஒரே கேள்வி, அதுவும் வாய்மொழியாக. மேசையில் உட்கார்ந்து இதைக் கேட்ட எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு முதல் நன்றி.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அட்டையைப் பார்த்தாலே மற்ற நன்றிகள் யாருக்கு என்று தெரிந்துவிடும். கைத்தொழில் கட்டத்தில் வற்றல், வடகம், ஊறுகாய்ச் செய்முறை நூல்: பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்குப் போடாமல் ஒதுக்கி வைத்தது. வரலாற்றுக்கு ஊர்ப்பெயர்களைப் பற்றிய நூலையும், நாடகத்துக்குத் தெருக்கூத்துப் பிரதியையும் கிளை நூலகர் தேடி எடுத்துத் தந்தார். பாட்டுக் கட்டம்தான் ஐந்து வாரம் காலியாகக் கிடந்தது. கவிதைத் தொகுப்புகள் இரண்டை 20 பக்கத்தோடு திருப்பிவிட்டாள். கடைசியில் தாலாட்டுத் தொகுப்பு ஒன்றை எடுத்து, அச்சில் விட்டுப்போன அடிகளைப் பாட்டியிடம் கேட்டுப் பென்சிலால் தனித்தாளில் எழுதிச் செருகியிருந்தாள். அந்தப் பாட்டிக்கும் நன்றி. தாளை நூலோடு சேர்த்தே பதிவேட்டில் ஏற்றிவிட்டோம்.

பைண்டிங் செய்துகொடுத்த பெரியவருக்கு நன்றி சொல்ல இந்த மடல் போதாது. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள்தான் முதலில் கெடும்: மழைக்காலத்தில் பின் துருவேறும், சுற்றியுள்ள தாள் அரித்துப்போய் அட்டை கழன்றுவிடும். அவர் பின்னைப் பிடுங்கி, மடிப்பில் மூன்று துளை போட்டு, பருத்தி நூலை நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே விட்டு, மேல்துளை வழியே உள்ளே, கீழ்த்துளை வழியே வெளியே, மறுபடி நடுவே உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போட்டார். செலோடேப் ஒட்ட வேண்டாம் என்று தடுத்தவரும் அவரே. அது மஞ்சளாகிப் பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் என்ற நச்சு உப்பு கலந்திருந்ததால், அது காயும்வரை பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை.

அட்டைகளை நகலெடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், நூல்முதுகில் வண்ண டேப் ஒட்டுமுன் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுத்த பெற்றோர்களுக்கும் நன்றி. தூசியின்மேல் ஒட்டினால் டேப் நிற்காது.

பறவைக் கையேட்டைக் கொடுத்த மருந்துக்கடை அண்ணாச்சிக்கு ஒரு தகவல்: அது இன்னும் அந்த ஏழாம் வகுப்பு மாணவியிடம்தான் இருக்கிறது. வலசைப் பறவைகள் வந்து திரும்பும்வரை, மார்ச் கடைசி வரை, தவணையை நீட்டியிருக்கிறோம்.

நன்றியுடன்,
பள்ளி நூலகக் குழு