மாத்திரை தீரும் முன் கைகொடுத்த சகோதரிக்கு நன்றி

மருந்தகத்தில் மாலைப் பணியில் இருந்த சகோதரிக்கு மனமார்ந்த நன்றி. உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் தம்பி வலிப்பு நோய்க்கு லெவிடிரசிட்டம் என்ற மாத்திரை எடுத்துக்கொள்கிறான். மருந்துச் சீட்டின் காலம் முடிந்துவிட்டது. புதுப்பித்துத் தரச் சொன்னால், "டாக்டர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்" என்று மருத்துவமனையில் முகம் பார்க்காமலே சொல்லி அனுப்பினார்கள். அதுவரை அவன் என்ன செய்வான் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். 5 நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு உயிருக்கே உலை வைத்துவிடலாம். இதையெல்லாம் நோயாளியா போய் மருத்துவமனைக்குப் பாடம் எடுக்க வேண்டும்?

நீங்கள்தான் மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். ஓரத்தில் ஒற்றை மாத்திரை. "இன்று இரவுக்கு இது இருக்கிறது. நாளைக் காலைக்கு?" என்றீர்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவ்வளவு கூட்டத்திலும் மருத்துவமனைக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, பணியில் இருந்த வேறொரு மருத்துவரைப் பிடித்து, புதிய சீட்டு வந்த பிறகு மருந்தைக் கொடுத்தீர்கள். விதியையும் மீறவில்லை, எங்களையும் கைவிடவில்லை.

தம்பி ஒரு வேளையும் தவறவிடவில்லை. உங்களை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன், சகோதரி.